பயிற்சிக்கான பணத்தில் பாதி, வகுப்பு முடிந்த பிறகு செலவாகட்டும்

கேள்வி இதுதான்: ஓர் அறக்கட்டளையிடம் மூன்று ஆண்டுகளுக்கான நிதி இருக்கிறது. கிராமங்களில் விவசாயம் செய்பவர்களுக்கும் பண்ணை வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொட்டுநீர்ப் பாசனம், ட்ரோன், மண் ஈரப்பதம் காட்டும் சென்சார், அறுவடை இயந்திரம் போன்றவற்றில் பயிற்சி தர நினைக்கிறார்கள். பணத்தை எப்படிப் பிரிப்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது, மூன்று ஆண்டுக்குப் பிறகு யார் பணம் கொடுப்பார்கள்?

இந்த வேலையில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கும் அரங்குக்கும் சான்றிதழுக்கும் ஒதுக்கிவைத்திருக்கும் தொகையைக் குறையுங்கள். மொத்த நிதியில் பாதியாவது வகுப்பு முடிந்த நாளுக்குப் பிறகு செலவாகும்படி திட்டத்தை எழுதுங்கள். நான் பார்த்தவரை பயிற்சித் திட்டங்கள் வீணாவது பாடம் மோசமாக இருப்பதால் அல்ல. பாடம் தேவைப்படும் நாளில் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான்.

ஒரு வயலைக் காட்டுகிறேன். சொட்டுநீர்க் குழாய் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் சொந்தக்காரர் முறையாகப் பயிற்சிக்குப் போனவர், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பவர். வரிசையின் தொடக்கத்தில் செடிகள் தளதளவென்று நின்றன, கடைசியில் வாடிக் கிடந்தன. தண்ணீர் சொட்டும் முனையைத்தான் டிரிப்பர் என்கிறோம். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் என்றால், அதன் அடியில் அளவுக் குவளையை வைத்தால் மூன்று நிமிடத்தில் 200 மில்லி சேர வேண்டும். முதல் டிரிப்பரில் 190 வந்தது. கடைசி வரிசையில் 60கூட வரவில்லை. ஃபில்டரைத் திறந்தோம், உள்ளே வலை முழுக்கப் பாசி. செடி வரிசையோடு ஓடும் லேட்டரல் குழாயின் கடைசி மூடியைக் கழற்றிவிட்டதும் கருப்பாகச் சேறு கொட்டி, அப்புறம் தண்ணீர் தெளிந்து வந்தது. மறுபடி குவளையை வைத்தோம், பாதிக்கு மேல் தேறியது. மீதி உப்பு அடைப்பு. அதற்கு அமிலம் கலந்துவிட வேண்டும், அதுவும் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இதெல்லாம் அவருக்கு வகுப்பில் சொல்லப்பட்டதுதான். நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் வகுப்பு நடந்தபோது அவர் வயலில் குழாயே இல்லை. குழாய் வந்து எட்டாவது மாதம் அடைப்பு வந்தபோது பாடம் மறந்திருந்தது. அமிலத்தைத் தொடப் பயம், கேட்க ஆளில்லை, கடைசியில் வாய்க்காலைத் திருப்பிவிட்டுவிட்டார். அந்த எட்டாவது மாதம் தெரிந்த ஒருவர் வந்து அரை நாள் கூட நின்றிருந்தால் போதும். அந்த அரை நாளுக்கு அந்தத் திட்டத்தின் செலவுப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. மூன்று நாள் அரங்குக்கும் சாப்பாட்டுக்கும் பேனருக்கும் தனித்தனி வரிகள் இருந்தன.

ஆகவே முதல் விதி: பாடம் பயிரோடு சேர்ந்து நடக்க வேண்டும். இதை உலகத்துக்குக் காட்டியது இந்தோனேசியா. நெல்லில் புகையான் என்ற பூச்சி தலைவிரித்தாடியபோது, கண்டபடி மருந்தடித்ததுதான் புகையானைப் பெருக்கியது என்று பூச்சியியல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். புகையானைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும் மருந்தில் முதலில் செத்துவிடுகின்றன. 1986இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு, வாரம் ஒரு நாள் காலை, நடவிலிருந்து அறுவடை வரை. வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணுவார்கள், பார்த்ததைப் பெரிய தாளில் வரைவார்கள், இந்த வாரம் மருந்து தேவையா என்று தங்களுக்குள் விவாதித்து முடிவெடுப்பார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த ஒரு நாட்டில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் இப்படிப் பயின்றார்கள்.

நிதி கொடுப்பவர் இதில் பார்க்க வேண்டியது செலவு எப்படி விழுகிறது என்பதை. ஒரே வாரத்தில் மொத்தப் பணமும் போய்விடுவதில்லை, பருவம் முழுக்கச் சிறிது சிறிதாகப் போகிறது. அதே சமயம் தலைக்கு ஆகும் செலவு அதிகம். பயின்றவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்குக் கற்றது தானாகப் பெரிதாகப் பரவவில்லை என்றும் பின்னாளில் சில பொருளாதார ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது. பூச்சியை எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் விஷயம் இல்லை. பரவலுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது யாருக்குப் பயிற்சி என்ற கேள்வி. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. “விவசாயிகளுக்குப் பயிற்சி” என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு புதிய கருவி ஊருக்குள் நிலைக்க மூன்று விதமான ஆட்கள் வேண்டும். வாங்கலாமா வாடகைக்கு எடுக்கலாமா, என் நிலத்துக்கு இது தேவையா என்று முடிவெடுக்கும் விவசாயி ஒருவர். அதைக் கையில் பிடித்து இயக்குபவர் இன்னொருவர், பெரும்பாலும் நிலமில்லாதவர் அல்லது அந்த வீட்டுப் பெண். பழுது பார்ப்பவர் மூன்றாமவர். மூவருக்கும் மூன்று பாடம், மூன்று கால அளவு. முடிவெடுப்பவருக்கு இரண்டு நாளும், ஏற்கெனவே பயன்படுத்துகிற நாலு வயல்களைப் பார்ப்பதும் போதும். இயக்குபவருக்குக் கை பழகும்வரை வேண்டும். பழுது பார்ப்பவருக்கு மாதக்கணக்கில் வேண்டும்.

அந்த மூன்றாமவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிதி கொடுப்பவர்கள் கண்ணில் அவர் படுவதே இல்லை. ஊரில் ஏற்கெனவே மோட்டார் காயில் கட்டுகிறவர், டிராக்டர் மெக்கானிக், மொபைல் சரிசெய்கிறவர் என்று யாராவது இருப்பார். ட்ரோனின் நாசில் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது, வீங்கிய பேட்டரியைச் சார்ஜில் போடாமல் தனியே எடுத்துவைப்பது, சென்சாரின் ஒயர் எலி கடித்து அறுந்திருப்பதைப் பார்ப்பது, வால்வின் டயஃப்ரம் கிழிந்ததை மாற்றுவது, எல்லாம் அவர் கைக்குப் பழக்கமான வேலைக்குப் பக்கத்தில் இருப்பவைதான். புதிதாக ஒருவரை உருவாக்குவதைவிட அவருக்கு மூன்று மாதம் பயிற்சியும் ஒரு நல்ல கருவிப் பெட்டியும் அடிக்கடி தேவைப்படும் உதிரிபாகங்களின் முதல் இருப்பும் வாங்கிக் கொடுப்பது பலன் தரும். விதைப்புக்கு நடுவில் ஒரு இயந்திரம் நின்று, சரிசெய்ய ஆள் வர பத்து நாள் ஆனால், அந்த விவசாயி மறு வருடம் அதை நம்பி நிலத்தைப் போட மாட்டார். அவர் நிலையில் நானும் போட மாட்டேன்.

இந்தியாவில் 2023இன் இறுதியில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பதாகத் திட்டம். குழுவில் ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சி, அதில் 5 நாள் ட்ரோன் ஓட்ட, மீதி 10 நாள் உரமும் மருந்தும் தெளிக்க. அதோடு, பழுதுபார்ப்பில் நாட்டமுள்ள இன்னொருவரை உதவியாளராகப் பயிற்றுவிக்கவும் அதில் இடம் வைத்தார்கள். ஓட்டுபவரோடு உதவியாளரையும் சேர்த்துப் பார்த்தது சரியான சிந்தனை. தெளிப்புக்கு ஓட்டுவதைப்போல் இரண்டு மடங்கு நாள் ஒதுக்கியதும் சரி. ட்ரோனைப் பறக்கவிடச் சீக்கிரம் பழகிவிடலாம். காற்று எந்த வேகத்தில் இருந்தால் தெளிக்கக் கூடாது, எந்த மருந்தை எதனோடு கலக்கக் கூடாது, பக்கத்து வயலில் தேன்கூடு இருந்தால் என்ன செய்வது என்பவற்றுக்குத்தான் நாள் பிடிக்கும். தெளிப்பு சரியாக விழுகிறதா என்று பார்க்க மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் இருக்கிறது. தண்ணீர்த் துளி பட்ட இடம் மட்டும் நீலமாகிவிடும். அதைச் செடியின் மேலும் இலைகளுக்கு அடியிலும் மாட்டிவிட்டு ட்ரோனை ஓட்டிப் பார்க்கச் சொன்னால், கீழே மாட்டிய தாள் மஞ்சளாகவே திரும்பி வரும். அந்தத் தாளைக் கையில் பிடித்துப் பார்த்த ஒருவருக்கு உயரத்தையும் வேகத்தையும் ஏன் குறைக்க வேண்டும் என்று விளக்கவே தேவையில்லை.

ஆனால் எத்தனை பேருக்குப் பயிற்சி? இங்கே ஒரு கணக்குப் போட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கு, உங்கள் வட்டாரத்தில் 3,000 ஏக்கர் என்று வையுங்கள். பருவத்துக்கு இரண்டு தெளிப்பு, அதில் மூன்றில் ஒரு பங்குதான் ட்ரோனுக்கு வரும் என்றால் 2,000 ஏக்கர் வேலை. ஒரு ட்ரோன் நாளொன்றுக்கு 20 ஏக்கர் முடிக்கும், காற்றும் மழையும் போகத் தெளிக்கத்தக்க நாட்கள் 25 என்றால் ஒரு ட்ரோனுக்கு 500 ஏக்கர். ஆக நான்கு பேருக்குத்தான் அங்கே பிழைப்பு இருக்கிறது. நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தால் அறிக்கை பார்க்க அழகாக இருக்கும், முப்பத்தாறு பேர் சான்றிதழோடு வேலை தேடுவார்கள். கடன் வாங்கிப் பயிற்சிக்கு வந்தவர் ஒருவர் அந்த முப்பத்தாறில் இருந்தால், அவருக்கு நாம் செய்தது கெடுதல். எண்கள் உங்கள் வட்டாரத்துக்கு மாறும். கணக்கைப் போடாமல் மட்டும் ஆட்களைச் சேர்க்காதீர்கள்.

அடுத்து, கற்க வருபவரின் நாள். பயிற்சி இலவசம் என்று நாம் சொல்கிறோம், ஆனால் நாள்கூலிக்காரருக்கு அது இலவசம் இல்லை. ஐந்து நாள் வகுப்புக்கு வந்தால் ஐந்து நாள் கூலி போச்சு. அதனால் வசதியுள்ளவர்கள் மட்டும் வருவார்கள், அல்லது வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரைப் பெயருக்கு அனுப்பிவைப்பார்கள். இழந்த கூலியைக் கொடுங்கள். அதைத் தர்மமாக நினைத்துத் தயங்க வேண்டாம், அது பயிற்சியின் செலவு. பெண்கள் வர வேண்டும் என்றால் வகுப்பு அவர்கள் ஊரிலேயே, காலை வேலைகள் முடிந்த நேரத்தில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரோடு நடக்க வேண்டும். “பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு” என்று தாளில் எழுதிவிட்டு, பஸ் இல்லாத இடத்தில் ராத்திரித் தங்கலோடு வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? களை எடுப்பு உச்சத்தில் இருக்கும் வாரத்தில் வகுப்பு வைப்பதும் இதே தப்புதான். நிதியாண்டு முடிகிறது, பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பதற்காக நடவு சமயத்தில் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்த வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் கண் முழுக்கக் கைபேசியில்தான் இருந்தது, வயலில் வேலை எதுவரை ஆகியிருக்கிறது என்று.

கூலியைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, பயம். புதிய முறையைச் சொந்த நிலத்தில் முதன்முதலாகச் செய்து பார்ப்பவர் ஒரு பருவ வருமானத்தைப் பணயம் வைக்கிறார். இதற்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1903இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில் சீமன் நாப் என்ற வேளாண் அறிஞர் ஒரு செயல்விளக்கப் பண்ணை நடத்தினார். அதற்கு முன் அரசுப் பணத்தில் நடந்த மாதிரிப் பண்ணைகளை விவசாயிகள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள், யாரும் பின்பற்றவில்லை. அரசாங்கத்துக்கு நஷ்டம் வந்தால் தாங்கும், எனக்குத் தாங்குமா என்பது அவர்கள் கேள்வி. எனவே நாப் ஒரு சாதாரண விவசாயியின் நிலத்தில், அந்த விவசாயியின் கையாலேயே செய்யவைத்தார். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட உள்ளூர் வியாபாரிகள் சேர்ந்து ஓர் உத்தரவாத நிதியைத் திரட்டினார்கள். அந்தப் பருவம் லாபத்தில் முடிந்தது, அந்த நிதியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

பயிற்சிக்கு நிதி கொடுக்கும் எவரும் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். செலவாகாமலேயே வேலை செய்த பணம் அது. உங்கள் நிதியில் பத்தில் ஒரு பங்கை இப்படி ஒதுக்குங்கள். பயிற்சி பெற்றவர் தன் நிலத்தில் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ புதிய முறையில் செய்யட்டும், பக்கத்து நிலத்தைவிட விளைச்சல் குறைந்தால் வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவோம் என்று எழுத்தில் கொடுங்கள். எப்படி அளப்போம், யார் சாட்சி என்பதை விதைக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

சரி, பரவலுக்கு வருவோம். பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் நூறு பேருக்குச் சொல்வார்கள் என்று எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருக்கும். அது நடக்கிறதா? மொசாம்பிக்கில் ஊருக்கு ஒரு முன்னோடி விவசாயியைத் தேர்ந்தெடுத்து நேரடியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர் நன்றாகக் கற்றுத் தன் நிலத்தில் செய்தார். ஊரில் மற்றவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மலாவியில் இன்னொரு சோதனை. சில ஊர்களில் அரசு அலுவலர் சொல்லிக்கொடுத்தார், சிலவற்றில் வசதியான முன்னோடி விவசாயி, சிலவற்றில் ஊரில் பெரும்பாலோரைப் போலவே இருக்கும் சாதாரண விவசாயி. இந்த ஊர்களில் பாதியில், ஊரார் கற்றுக்கொண்டால் சொல்லிக்கொடுத்தவருக்குச் சிறு வெகுமதி உண்டு என்று வைத்தார்கள். வெகுமதி இருந்த இடங்களில் சாதாரண விவசாயிதான் எல்லோரையும்விட நன்றாகச் செய்தார். வெகுமதி இல்லாத இடத்தில் அவரும் பெரிதாக முயலவில்லை.

இதில் வியப்பு ஏதும் இல்லை. பெரிய விவசாயி செய்தால் “அவருக்கு வசதி இருக்கு, செய்றார்” என்று ஊர் நகர்ந்துவிடும். நம்மைப் போல மூன்று ஏக்கர் வைத்து, கடனும் வைத்திருக்கிறவர் செய்து காட்டினால் கால் நின்று பார்க்கும். ஆனால் அவருக்கும் வேலை இருக்கிறது. மாலையில் நாலு பேர் வந்து கேட்டால் அந்த நேரத்துக்கு ஒரு மதிப்புத் தர வேண்டாமா? நல்லெண்ணத்தை நம்பி ஒருவரின் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ளும் திட்டங்கள் ஒரு வருடத்தில் சோர்ந்துவிடும். அவருக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுங்கள், ஊராரின் வயலில் நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்த மாற்றத்துக்கு மேற்கொண்டு கொடுங்கள். அவர் செய்வதைக் கைபேசியில் படம்பிடித்து அதே பேச்சுவழக்கில் பக்கத்து ஊர்களில் போட்டுக் காட்டுவது மலிவான நல்ல உபாயம். ஒரு நிபந்தனை, படத்தை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஒருவர் கூட இருக்க வேண்டும். வெறுமனே இணைப்பை அனுப்பிவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

இயந்திரம் விற்கும் நிறுவனங்களே இலவசப் பயிற்சி தருகிறார்களே என்று கேட்பீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பொத்தான்களைச் சொல்லித்தருவார்கள். எந்த நிலத்துக்கு இந்த இயந்திரம் லாயக்கில்லை என்பதை விற்பவர் சொல்வார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் கஷ்டம். நீங்களே மொத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் அப்போதுதான் உங்கள் கைக்கு வலு. பருவத்துக்கு இரண்டு முறை வந்து பார்ப்பது, உதிரிபாகம் இத்தனை நாளுக்குள் வரவேண்டும், கையேடு விவசாயி படிக்கிற மொழியில் இருக்க வேண்டும், சென்சாரில் சேரும் தகவல் விவசாயிக்கே சொந்தம் என்ற நான்கையும் கொள்முதல் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு இவற்றைக் கேட்டால் நடக்காது.

புதிதாகப் பயிற்சி மையம் கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். வேளாண் கல்லூரிகளும் ஆராய்ச்சிப் பண்ணைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியாவில் செய்து கற்பதற்கென்றே தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்கள், 1974இல் புதுச்சேரியில் முதலாவது வந்ததிலிருந்து இன்று 700க்கு மேல் ஆகிவிட்டன. அவர்களுடைய நிலத்தையும் ஆட்களையும் கேட்டுப் பயன்படுத்துங்கள், கட்டடத்துக்குப் போகும் பணம் வயலுக்குப் போகட்டும்.

இனி கஷ்டமான கேள்வி, மூன்று ஆண்டுக்கு அப்புறம். இதில் உலக வங்கியே பட்ட அனுபவம் இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த டேனியல் பெனோர் வகுத்த “பயிற்சியும் பார்வையிடலும்” என்ற முறையை 1970களின் நடுவிலிருந்து 50க்கும் மேற்பட்ட நாடுகளில் உலக வங்கியின் கடனில் நடத்தினார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அலுவலருக்குப் பயிற்சி, அவர் குறித்த நாளில் குறித்த விவசாயிகளைப் போய்ப் பார்ப்பார். ஒழுங்கு நன்றாக இருந்தது. ஆனால் ஏகப்பட்ட ஊழியர்கள், அத்தனை பேருக்கும் மாதச் சம்பளமும் பயணப்படியும். கடன் நின்றதும் அந்தச் சம்பளத்தைத் தாங்க அரசுகளால் முடியவில்லை. 1990களின் இறுதிக்குள் அந்த முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் கைவிடப்பட்டது. வெளிப்பணத்தில் நிரந்தரச் சம்பளத்தை ஏற்றினால் இதுதான் முடிவு.

நீடித்தவை வேறு மாதிரிப் பணத்தில் நின்றன. நாப் தொடங்கிய வேலை வளர்ந்து 1914இல் அமெரிக்காவில் ஸ்மித்-லீவர் சட்டமானது. மத்திய அரசு கொடுக்கும் பணத்துக்கு ஈடாக மாநிலமும் உள்ளூர்த் தரப்பும் பணம் போட வேண்டும் என்ற ஏற்பாட்டில் விவசாயிகளிடம் போய்ச் சொல்லித்தரும் அந்த வேளாண் விரிவாக்கப் பணி நூறாண்டைத் தாண்டி நடக்கிறது. பிரேசிலில் 1991இல் சட்டம் போட்டு செனார் என்ற கிராமப்புறப் பயிற்சி அமைப்பை உருவாக்கினார்கள். விளைபொருள் விற்பனையில் ஒரு மிகச் சிறிய பங்கு, தனிநபர் விவசாயிக்கு 0.2 சதவீதம், பயிற்சிக்கென்று பிடிக்கப்படுகிறது. அமைப்பை நடத்துவதும் விவசாயிகளின் கூட்டமைப்புதான். பிரான்சில் 2001 முதல் விவேயா என்ற பயிற்சி நிதியம் விவசாயிகளின் சந்தாவில் ஓடுகிறது. ஓர் அறக்கட்டளையால் சட்டம் போட முடியாது, ஆனால் இதே ஏற்பாட்டைச் சிறிய அளவில் செய்யலாம். விவசாயிகள் சேர்ந்து விற்பனை செய்யும் கூட்டுறவோ உற்பத்தியாளர் நிறுவனமோ இருந்தால், விற்பனையில் ஒரு துளியைப் பயிற்சிக் கணக்கில் போட முதல் ஆண்டே தீர்மானம் போடச் சொல்லுங்கள். அவர்கள் ஒன்று போட்டால் முதல் ஆண்டு நீங்கள் நான்கு போடுங்கள், இரண்டாம் ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு ஒன்று. இயந்திர வாடகையிலும் ஒரு பகுதி அதே கணக்குக்கு வரட்டும். தன் பணம் உள்ளே இருக்கும்போது பயிற்சியில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று விவசாயி கறாராகக் கேட்பார். அந்தக் கேள்விகள் பாடத்தைத் திருத்தும்.

பிரிவினை எப்படி என்று நேராகக் கேட்டதால் என் கணக்கைச் சொல்கிறேன். நூறு பங்கில், ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் வேலை எவ்வளவு இருக்கிறது என்று ஊர் ஊராகப் பார்க்க 5. வகுப்புக்கும் வயலில் நடக்கும் செயல்பயிற்சிக்கும் 30. கற்பவரின் கூலி, பயணம், குழந்தைப் பராமரிப்புக்கு 15. மீதிப் பாதி வகுப்புக்குப் பிறகு: ஒன்றரை வருடத்துக்கு வயலுக்கு வந்து பார்க்கிறவர்களுக்கும் சாதாரண விவசாயிப் பயிற்றுநர்களின் சன்மானத்துக்கும் 25, நஷ்ட ஈட்டு உத்தரவாதத்துக்கு 10, மெக்கானிக்குகளின் கருவிப் பெட்டிக்கும் உதிரிபாக இருப்புக்கும் 10, அளந்து பார்க்க 5. உத்தரவாதப் பணம் மிஞ்சினால், பெரும்பாலும் மிஞ்சும், அது அந்தக் கூட்டுறவின் பயிற்சிக் கணக்குக்குப் போகட்டும்.

அளந்து பார்ப்பது என்றால் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று எண்ணுவது அல்ல. ஒரு வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கடைசி வரிசை டிரிப்பருக்கு அடியில் குவளையை வையுங்கள். ட்ரோனில் பதிவாகியிருக்கும் பறந்த நேரத்தைப் பாருங்கள். இயந்திரம் கடைசியாக எப்போது நின்றது, எத்தனை நாளில் சரியானது என்று கேளுங்கள். பயிற்சி நடத்தும் அமைப்புக்குக் கடைசித் தவணையை இந்தப் பார்வைக்குப் பிறகு கொடுங்கள். மொத்தப் பணத்தையும் விளைவோடு கட்டிப்போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் எளிதில் வெற்றி பெறக்கூடிய, தண்ணீரும் படிப்பும் வசதியும் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள், யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் வாசலுக்கு வெளியே நிற்பார்கள். ஐந்தில் ஒரு பங்குத் தவணை போதும்.

திட்ட அறிக்கையை எழுத உட்காரும் முன் ஒரு வாரம் செலவழித்து ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே மானியத்திலோ நன்கொடையிலோ வந்து, இப்போது கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் கருவிகளைத் தேடிப்போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றின் சொந்தக்காரரிடமும் கடைசியாக இது ஓடிய நாளில் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் பெல்ட் அறுந்தது என்பார், ஒருவர் ஓட்டத் தெரிந்த பையன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான் என்பார், ஒருவர் இது என் நிலத்துக்குள் திரும்பவே திரும்பாது என்பார். முதலாமவருக்குத் தேவை மெக்கானிக். இரண்டாமவர் வீட்டில் இன்னொருவருக்கு, அநேகமாக மனைவிக்கோ மகளுக்கோ, ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்றாமவருக்கு எந்தப் பயிற்சியும் உதவாது, வாங்கும் முன் அவரிடம் யாராவது பேசியிருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் பாடத்திட்டத்தை எழுதத் தொடங்குங்கள்.